கிரீமி தக்காளி பாஸ்தா சாஸ்: முதல் தடவை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தக்காளித் தொக்கு கிண்டத் தெரிந்தவருக்கு இந்த சாஸில் முக்கால்வாசி ஏற்கெனவே கைவந்த வேலை. தெரியாதவருக்கும் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. ஓட்டல்களில் ‘பிங்க் சாஸ் பாஸ்தா’ என்று தருவதற்கு நெருங்கிய உறவு இது. தக்காளியை வற்ற வதக்கி, கடைசியில் கிரீம் சேர்த்து, பாஸ்தா வெந்த தண்ணீர் விட்டு இளக்கி எடுக்க வேண்டும். அவ்வளவுதான் சமாசாரம்.

வீட்டில் செய்யும்போது இது பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் சொதப்பும். தக்காளி வற்றுவதற்குள் அவசரப்பட்டு கிரீமை ஊற்றினால் சாஸ் நீர்த்துப்போய் பச்சை வாசனையோடு நிற்கும். கிரீமை ஊற்றியபின் தீயைக் கூட்டிக் கொதிக்கவிட்டால் திரிந்து திப்பி திப்பியாகிவிடும். முதல் பாதியில் பொறுமை, இரண்டாம் பாதியில் சின்னத் தீ. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற அளவுகளில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பாதகமில்லை.

என்னென்ன வேண்டும்

இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடும் அளவு இது. நாற்பது நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பென்னே பாஸ்தா – 200 கிராம்
நன்கு பழுத்த தக்காளி – 500 கிராம்
வெங்காயம் – சின்னதாக 1
பூண்டு – 6 முதல் 8 பல்
எண்ணெய் – 2 மேசைக்கரண்டி
வெண்ணெய் – 1 மேசைக்கரண்டி
ஃப்ரெஷ் கிரீம் – 100 மில்லி
சில்லி ஃப்ளேக்ஸ் – அரை தேக்கரண்டி
ஓரிகானோ – அரை தேக்கரண்டி
துருவிய சீஸ் – 30 கிராம் (இருந்தால்)
உப்பு, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை சர்க்கரை

சில்லி ஃப்ளேக்ஸும் ஓரிகானோவும் தனியாக வாங்கத் தேவையில்லை. பீட்சாவோடு வந்த சின்னப் பொட்டலங்கள் சமையலறை இழுப்பறையில் எங்காவது கிடக்கும், அவை போதும்.

தக்காளி

சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை. நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் அதிகம், தோல் மெல்லியது. பெங்களூர் தக்காளி என்று விற்பது சதைப்பற்றானது, புளிப்பு குறைவு, தோல் தடிமன். ரசத்துக்கு எது நல்லது என்பதில் சண்டையே கிடையாது, நாட்டுத் தக்காளிதான். ஆனால் இந்த சாஸுக்கு நான் முக்கால் பங்கு பெங்களூர் தக்காளியும் கால் பங்கு நாட்டுத் தக்காளியும் போடுவேன். சதை சாஸுக்குக் கெட்டித்தன்மை தரும், கொஞ்சம் புளிப்பு இருந்தால்தான் கிரீம் திகட்டாது. முழுக்க நாட்டுத் தக்காளியில் செய்தாலும் வரும். வற்ற இன்னும் பத்து நிமிடம் ஆகும், சர்க்கரை ஒரு சிட்டிகை கூடுதலாகத் தேவைப்படும், திரிகிற வாய்ப்பும் அதிகம்.

எந்த வகையானாலும் பழுத்திருக்க வேண்டும். காம்புப் பக்கம் பச்சையும் வெள்ளையுமாக இருக்கும் தக்காளியை வாங்கியிருந்தால் இரண்டு நாள் ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்துவிட்டு அப்புறம் செய்யுங்கள். அட்டைப்பெட்டியில் வரும் தக்காளி ப்யூரியைப் பாதிக்குப் பாதி கலக்கலாம், நிறம் நன்றாக வரும். கெட்சப் மட்டும் வேண்டாம். அதில் சர்க்கரையும் வினிகரும் மசாலாவும் ஏற்கெனவே கலந்திருப்பதால், என்ன செய்தாலும் கடைசியில் கெட்சப் ருசிதான் முன்னால் வந்து நிற்கும்.

கிரீம்

கடையில் அட்டைப்பெட்டியில் ‘ஃப்ரெஷ் கிரீம்’ என்று விற்பதைத்தான் வாங்க வேண்டும். அமுல் ஃப்ரெஷ் கிரீமில் 25 சதவீதம் கொழுப்பு இருக்கிறது. கேக் அலங்காரத்துக்கு விற்கும் விப்பிங் கிரீமைத் தவறியும் எடுத்துவிடாதீர்கள். அதில் பல பிராண்டுகள் தாவரக் கொழுப்பில் செய்து சர்க்கரை சேர்த்தவை.

பாலை ஊற்றினால் என்ன என்று கேட்கத் தோன்றும். தக்காளி புளிப்பானது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் பாலிலிருக்கும் புரதம் திரண்டுவிடும். எலுமிச்சை பிழிந்து பனீர் எடுப்பது இந்த வழியில்தான். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில்கூடக் கொழுப்பு 6 சதவீதம்தான். கிரீமில் கொழுப்பு பல மடங்கு அதிகம், அந்த அளவுக்குத் திரளக்கூடிய புரதத்தின் பங்கு குறைவு. அதனால் அது தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடிக்கும் என்றுதான் சொன்னேன், திரியவே திரியாது என்று சொல்லவில்லை. 25 சதவீதக் கிரீமையும் தளதளவென்று கொதிக்கவிட்டால் கதை முடிந்தது.

கிரீம் பெட்டியைச் சமையல் தொடங்கும்போதே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

பாஸ்தா

பாக்கெட்டின் பின்னால் சேர்மானம் பாருங்கள். ‘டியூரம் கோதுமை ரவை’ என்று இருந்தால் நல்லது. டியூரம் கடினமான கோதுமை. அதன் ரவையில் செய்த பாஸ்தா வெந்தபிறகும் விறைப்பாக நிற்கும். மைதா கலந்த மலிவு பாஸ்தா இரண்டு நிமிடம் கூட வெந்தால் களியாகிவிடும். குழல் மாதிரி இருக்கும் பென்னே, முறுக்கிய ஃபுசில்லி இரண்டும் கெட்டி சாஸைப் பிடித்துக்கொள்ளும். நூல் மாதிரி இருக்கும் ஸ்பகெட்டியைப் புதிதாகச் செய்பவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: தக்காளியைத் துருவுவது

தோலை நீக்க வெந்நீரில் போட்டு உரிப்பது பழைய வழி. அதைவிடச் சுலபம் துருவுவது. தக்காளியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் காய்கறி துருவியின் பெரிய கண்ணில் வைத்துத் தேயுங்கள். சதையும் சாறும் கிண்ணத்தில் விழும், தோல் மட்டும் உள்ளங்கையில் மிஞ்சும். கை வழுக்கும், கடைசியில் விரலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

விதையை வீசாதீர்கள். விதையைச் சுற்றி இருக்கும் அந்த வழவழப்பான பகுதியில்தான் தக்காளிக்கு ருசி தரும் குளுட்டமேட் என்ற பொருள் அதிகம்.

மிக்ஸியில் அரைக்கலாமா? அரைக்கலாம். காற்று புகுந்து ரோஸ் நிற நுரையாக வரும், பயப்பட வேண்டாம். வதங்க வதங்கச் சிவப்பு திரும்பிவிடும். தோலோடு அரைத்தால் பெங்களூர் தக்காளியின் தோல் துணுக்குகள் பல்லில் நெருடும் என்பதால் எனக்குத் துருவல்தான் பிடிக்கும்.

வெங்காயத்தையும் பூண்டையும் முடிந்தவரை பொடியாக நறுக்குங்கள். வெங்காயம் சாஸில் கரைந்து போக வேண்டும், துண்டாகத் தெரியக் கூடாது.

இரண்டாவது: வதக்குவது

அடி கனமான, வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரமோ நான்ஸ்டிக் கடாயோ எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அகலமாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். இரும்புக் கடாயும் பூச்சில்லாத அலுமினியமும் வேண்டாம். புளிப்பு பட்டு உலோக வாடை வரும். இரும்பு நிறத்தையும் கறுக்க வைக்கும்.

எண்ணெயும் வெண்ணெயில் பாதியும் விட்டு, உருகியதும் வெங்காயத்தை ஒரு சிட்டிகை உப்போடு போடுங்கள். ஆலிவ் எண்ணெய் இருந்தால் சரி, இல்லாவிட்டால் சூரியகாந்தி எண்ணெய். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றுக்கும் தனி மணம் உண்டு, இங்கே அவை ஒத்துவராது. நடுத்தரத் தீயில் வெங்காயம் கண்ணாடியாக வதங்க ஆறேழு நிமிடம் ஆகும். குருமாவுக்குப் போல சிவக்க விடாதீர்கள்.

அடுத்து பூண்டு. இதற்கு ஒரு நிமிடம்தான். பச்சை வாடை போய் மணம் எழுந்ததும், ஓரம் பொன்னிறமாகத் தொடங்குவதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும். பூண்டு கருகினால் கசப்பு வரும், அந்தக் கசப்பைக் கிரீமால் மறைக்க முடியாது. கருகிவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் லாபம்; இந்தக் கட்டத்தில் போவது ஒரு வெங்காயம்தானே. சில்லி ஃப்ளேக்ஸையும் இப்போதே எண்ணெயில் போடுங்கள். காரம் எண்ணெயில் இறங்கினால் சாஸ் முழுக்கச் சமமாகப் பரவும்.

இப்போது தக்காளி. அரை தேக்கரண்டி உப்பு சேர்த்து, மூடாமல் நடுத்தரத் தீயில் விடுங்கள். மூடினால் ஆவி திரும்பத் தண்ணீராகி உள்ளேயே விழும். அடுத்த பதினைந்து, இருபது நிமிடம் இதுதான் வேலை, இங்கேதான் சாஸின் ருசி உருவாகிறது.

கடாயைக் கவனித்தால் அதுவே நிலவரம் சொல்லும். முதலில் சின்னச் சின்னக் குமிழாக வேகமாகக் கொதிக்கும். அது தண்ணீர் கொதிப்பது. பத்து நிமிடத்தில் குமிழ்கள் பெரிதாகி, நிதானமாக, ‘பொளக் பொளக்’ என்று வெடித்து அடுப்பைச் சுற்றித் தெறிக்கும். அப்போது தீயைக் கொஞ்சம் குறையுங்கள். நிறம் ஆரஞ்சிலிருந்து அடர் சிவப்புக்கு மாறும். மரக்கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சாஸ் உடனே ஓடிவந்து மூடிக்கொண்டால் இன்னும் வற்ற வேண்டும். இரண்டு மூன்று நொடி கடாயின் அடி தெரிந்து, பிறகு மெதுவாக மூடினால் பதம். ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் பிரிந்து நிற்கும். தொக்குக்கு இதைத் தாண்டியும் போவோம். இதற்கு இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

ருசி பாருங்கள். நாக்கைச் சுண்டும் புளிப்பு இருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை. இனிப்புத் தெரியக் கூடாது, புளிப்பின் கூர்மை மட்டும் மழுங்க வேண்டும். ஓரிகானோவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கித் தூவி, தீயை அணைத்துவிடுங்கள். சாஸ் வழவழவென்று வேண்டுமானால் இந்த நேரத்தில் ஆறவைத்து மிக்ஸியில் ஒரு சுற்று விடலாம். சூட்டோடு மூடி அரைத்தால் ஆவி மூடியைத் தூக்கியடிக்கும், ஜாக்கிரதை. எனக்குக் கொஞ்சம் கொரகொரப்பாக இருப்பதுதான் பிடிக்கும் என்பதால் அரைப்பதில்லை.

கரம் மசாலா, மஞ்சள்தூள், கொத்தமல்லித் தழை எல்லாம் கை நீண்டு எடுக்கத் தூண்டும். போட்டால் குடி முழுகிவிடாது, ஆனால் அது வேறு பண்டம். முதல் தடவை தக்காளி, பூண்டு, கிரீம் மூன்றின் ருசி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நிறத்துக்காகக் கால் தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள் என்றால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

மூன்றாவது: பாஸ்தாவை வேகவைப்பது

தக்காளி பாதி வற்றியதும் பக்கத்து அடுப்பில் தண்ணீரை ஏற்றுங்கள். 200 கிராம் பாஸ்தாவுக்கு 2 லிட்டர் தண்ணீர், தலைதட்டி ஒரு மேசைக்கரண்டி உப்பு. உப்பு அதிகமோ என்று தோன்றும். பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும், பாஸ்தாவுக்குள் உப்பு ஏறக் கிடைக்கிற ஒரே சந்தர்ப்பமும் இதுதான். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே பாஸ்தாவைப் போட்டு, முதல் ஒரு நிமிடம் கிளறிவிடுங்கள். ஒட்டிக்கொள்வது அந்த ஒரு நிமிடத்தில்தான். தண்ணீரில் எண்ணெய் ஊற்றும் வழக்கம் பலரிடம் உண்டு. அது மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாமேல் படிந்து சாஸை ஒட்டவிடாமல் செய்யும். தேவையில்லை.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். குழலின் சுவரின் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அது வேகாத மாவு. அந்தக் கோடு நூலிழை அளவுக்கு இருக்கும்போதே வடிக்க வேண்டும். மிச்சம் சாஸில் வேகும்.

வடிக்கும் முன் ஒரு டம்ளர் வெந்த தண்ணீரை எடுத்து வையுங்கள். இதை மறந்து எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டுவதுதான் அடிக்கடி நடப்பது, அதனால் டம்ளரை வடிதட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், கண்ணில் படும். கலங்கலாக இருக்கும் அந்தத் தண்ணீரில் மாவுச்சத்து கரைந்திருக்கிறது. எண்ணெயும் நீரும் பிரியாமல் சாஸைச் சேர்த்துப் பிடித்து வைப்பது அதுதான். வடித்த பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள்.

நான்காவது: கிரீம்

சாஸ் கடாயைக் குறைந்த தீயில் வைத்துச் சூடாக்குங்கள். கொதி வரக் கூடாது. கிரீமை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சூடான சாஸ் இரண்டு கரண்டி எடுத்து அதில் கலக்குங்கள். கிரீம் வெதுவெதுப்பாகும், புளிப்புக்கும் பழகும். பிறகு அந்தக் கலவையைக் கடாயில் மெதுவாகச் சேர்த்துக் கிளறுங்கள். சிவப்பு மெல்ல மெல்லக் கரைந்து செங்கல் நிறமாகி, அப்புறம் இளஞ்சிவப்பாகும். முழுக் கிரீமையும் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டியதில்லை. முக்கால் பங்கு ஊற்றிவிட்டு ருசி பாருங்கள், அதுவே போதும் என்று சிலருக்குத் தோன்றும்.

இந்த இடத்திலிருந்து ஓரத்தில் சின்னக் குமிழ் ஒன்றிரண்டு எழலாம், அதற்கு மேல் கூடாது. இரண்டு நிமிடம் போதும்.

கடைசியாக: சேர்ப்பது

வடித்த பாஸ்தாவையும் எடுத்து வைத்த தண்ணீரில் கால் டம்ளரையும் கடாயில் கொட்டி, ஒன்றிரண்டு நிமிடம் குறைந்த தீயிலேயே புரட்டுங்கள். முதலில் தண்ணியாகத் தெரியும், உடனே கெட்டியாகும், மறுபடி ஒரு கரண்டி தண்ணீர் விடுங்கள். தட்டில் போடும்போது இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் தளர்வாக இறக்குங்கள். மேசைக்குப் போவதற்குள் பாஸ்தா குடித்துவிடும். அடுப்பை அணைத்தபிறகு மிச்ச வெண்ணெய், துருவிய சீஸ், மிளகுத்தூள். சீஸிலும் பாஸ்தா தண்ணீரிலும் உப்பு இருப்பதால் கடைசி உப்பை இப்போதுதான் பார்க்க வேண்டும்.

எந்தச் சீஸ்? சாதாரண ப்ராசஸ்டு சீஸ் கட்டியே போதும். பிரியாமல் உருகுவதற்கான உப்புகள் சேர்த்துத் தயாரிப்பதால் சாஸில் நன்றாகக் கரையும். மொஸரெல்லா நூல் நூலாக இழுக்கும், பீட்சாவோடு இருக்கட்டும். அசல் பார்மஜானோ ரெஜானோ என்ற இத்தாலியச் சீஸ் மணத்தில் தனிரகம்தான், ஆனால் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரட்டும் ரென்னெட்டில் செய்வது. சுத்த சைவக்காரர்கள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மேலே தூவ பேசில் இலை கிடைத்தால் கிள்ளிப் போடுங்கள். வீட்டுத் தோட்டத்தில் திருநீற்றுப்பச்சிலை இருந்தால் அதுவும் அதே இனம்தான். வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், மூன்று நான்கு இலைக்கு மேல் வேண்டாம். பூஜைக்கு வைக்கும் துளசி இதற்குச் சரிவராது.

கிரீம் இல்லாவிட்டால்

பால்தான் இருக்கிறது என்றால் ஒயிட் சாஸ் வழி. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி மைதாவைச் சிவக்காமல் ஒரு நிமிடம் வறுத்து, 200 மில்லி பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறிக் கெட்டியாக்குங்கள். மைதாவின் மாவுச்சத்து பால் புரதத்தைத் திரளவிடாமல் காக்கும். இதைத் தக்காளியோடு குறைந்த தீயில் கலக்கலாம். பல ஓட்டல்களின் பிங்க் சாஸ் இப்படி வெள்ளை சாஸும் சிவப்பு சாஸும் கலந்ததுதான்.

பாலே வேண்டாம் என்பவர்கள் பத்துப் பன்னிரண்டு முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து விழுதாக அரைத்துச் சேர்க்கலாம். திரியும் பயம் இல்லை, ஆனால் சூட்டில் மளமளவென்று கெட்டியாகும், பாஸ்தா தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும். வீட்டுப் பாலாடையும் ஆகும். அன்றன்று எடுத்ததாக இருக்க வேண்டும், ஒரு வாரம் சேர்த்து வைத்துப் புளித்தது வேண்டாம்.

சொதப்பினால்

திரிந்துவிட்டதா? உடனே அணைத்து, இரண்டு கரண்டி பாஸ்தா தண்ணீரும் ஒரு கரண்டி புதுக் கிரீமும் விட்டு, ஆறியபின் மிக்ஸியில் ஓட்டுங்கள். முழுக்கச் சரியாகாது, கண்ணுக்கு மறையும், ருசிக்குக் குறையில்லை. சாஸ் நீர்த்திருந்தால் பாஸ்தாவைப் போட்டுக் குறைந்த தீயில் இன்னும் ஒரு நிமிடம் புரட்டுங்கள், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் தனியாகப் பிரிந்து மினுமினுத்தால் ஒரு கரண்டி பாஸ்தா தண்ணீர் விட்டு வேகமாகக் கலக்கினால் சேர்ந்துவிடும். உப்பு கூடிவிட்டால் மிச்சக் கிரீமை ஊற்றுவதும், இளக்குவதற்குப் பாஸ்தா தண்ணீருக்குப் பதில் வெறும் வெந்நீர் விடுவதும்தான் வழி.

எடுத்து வைப்பது

கிரீம் கலந்த சாஸ் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். ஃப்ரீஸரில் வைத்தால் உருகும்போது பிரிந்துவிடும். ஆனால் கிரீம் சேர்ப்பதற்கு முந்தைய தக்காளி விழுது ஃப்ரீஸரில் ஒரு மாதம் இருக்கும். தக்காளி விலை இறங்கும் சமயத்தில் 2 கிலோவாக வாங்கி வதக்கி, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைத்தால், அப்புறம் பாஸ்தா வேகும் நேரத்தில் சாஸ் தயார்.

பள்ளிக்கு டப்பாவில் கொடுத்தனுப்புபவர்களுக்கு ஒன்று. மதியத்துக்குள் பாஸ்தா சாஸைக் குடித்துக் கட்டியாக உறைந்துவிடும். அதனால் காலையில் வழக்கத்தைவிட நன்றாகவே தளர்வாக, கிட்டத்தட்டக் குழம்புப் பதத்தில் கலந்து, சீஸைப் பாதியாகக் குறைத்து, சூடு தணிந்தபின் மூடுங்கள். வெயில் காலத்தில் கிரீமுக்குப் பதில் முந்திரி விழுது போடுவது நல்லது. அதையும் மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடச் சொல்லுங்கள், மிச்சம் வைத்து மாலையில் சாப்பிட வேண்டாம்.